தாங்கிக்குள் 6.95, வெளியே 7.07: எதை நம்புவது?

2024 பெப்ரவரி 11, ஞாயிறு (வந்த கேள்வி)

"அக்கா, எங்கள் ஆய்வுகூடத்தில் 3 லீற்றர் கண்ணாடித் தாங்கியில் சோ கலங்கள் (மருந்துப் புரதம் செய்யும் சீன ஹம்ஸ்டர் கலங்கள்) வளர்க்கிறோம். இன்று ஆறாம் நாள். உள்ளே செருகியிருக்கும் பிஎச் புரோப் (அமில, கார நிலையை அளக்கும் கருவி) 6.95 காட்டுகிறது. மாதிரி எடுத்துப் பக்கத்து ஆஸ்பத்திரியில் இரத்தவாயு பார்க்கிற மெஷினில் கொடுத்தால் 7.07 வருகிறது. புரோப் பழசு, 7.07 என்று மாற்றிவை என்கிறார் சேர். கூட வேலை செய்கிற அண்ணாவோ, கணினிதானே பார்த்துக்கொள்கிறது, கோடு நேராகத்தானே போகிறது, சும்மா விடு என்கிறார். நான் எதைக் கேட்பது?"

பெப்ரவரி 11, பின்னேரம்

புரோப்பில் இன்றைக்குக் கை வைக்க வேண்டாம். முதலில் இதற்குப் பதில் எழுதுங்கள், தங்கச்சி: மாதிரியை எதில் எடுத்தீர்கள், மேலே காற்று இருந்ததா, மெஷினுக்குப் போகும்வரை எவ்வளவு நேரம் ஆனது?

பெப்ரவரி 11, இரவு

பதில் வந்திருக்கிறது. 15 மில்லிலீற்றர் குழாய், பாதிக்கும் குறைவாக மாதிரி. வெயிலில் நடந்து போய், அங்கே நோயாளிகளின் மாதிரிகள் முடியும்வரை காத்திருந்து கொடுத்திருக்கிறார்.

அவ்வளவு நேரத்தில் மாதிரியில் கரைந்திருந்த காபனீரொட்சைட்டின் ஒரு பகுதி குழாயின் மேல்பகுதிக் காற்றுக்குள் ஏறிவிடும். நீரை அமிலமாக்குவது அதுதான், அது போகப் போக பிஎச் ஏறும். மருத்துவ மாணவர்கள் இரத்தத்துக்குப் போடுகிற அதே சமன்பாட்டை இங்கேயும் போடலாம். 24 மில்லிமோல் பைகாபனேற்றும், 40 மி.மீ. இரச அமுக்கத்தில் காபனீரொட்சைட்டும் இருந்தால் 7.4. உங்கள் தாங்கியில் பைகாபனேற்று 17 மில்லிமோல் அளவில் இருக்கிறது, பிஎச் 6.95 என்று வைத்தால் காபனீரொட்சைட்டின் அமுக்கம் 80 மி.மீ. அளவில் இருக்க வேண்டும். வழியில் அது 60 ஆகக் குறைந்தாலே பிஎச் 0.12 ஏறிவிடும். நீங்கள் பார்த்த வித்தியாசம் முழுவதும் அந்த நடையிலேயே உண்டாகியிருக்கலாம்.

உண்டாகியிருக்கலாம் என்றுதான் சொல்கிறேன். புரோப்பும் கொஞ்சம் நகர்ந்திருக்கலாம். நாளை ஊசிக்குழாயில் எடுங்கள். முதலில் வருவது தாங்கியின் மாதிரிக் குழாய்க்குள் தேங்கி நின்ற பழைய நீர், அதைக் கொட்டிவிடுங்கள். அடுத்ததை காற்றுக்குமிழி ஒன்றுகூட இல்லாமல் நிரப்பி, நுனியை மூடி, ஓட்டமாகக் கொண்டுபோங்கள். நேரத்தைச் சொல்லி வைத்துவிட்டுப் போனால் அங்கே காத்திருக்கவும் வேண்டியதில்லை. இரண்டு ஊசிக்குழாய் எடுங்கள், ஒன்றை மட்டும் நம்ப வேண்டாம்.

பெப்ரவரி 12

ஊசிக்குழாயில் 6.99, இரண்டாவதிலும் 6.99. ஆக உண்மையான இடைவெளி 0.04. பல இடங்களில் 0.05 வரை விட்டுவிடுவார்கள். நானும் விடுவேன்.

"மூடிய குழாயில் இவ்வளவு மாறுமா?" என்று இன்னொரு தம்பி நம்பாமல் கேட்டிருக்கிறார். உங்கள் பல்கலைக்கழக ஆய்வுகூடத்திலேயே பார்க்கலாம். பீனோல் சிவப்பு (பிஎச்சுக்கேற்ப நிறம் மாறும் சாயம்) கலந்த வளர்ப்பு ஊடகத்தில் கலங்கள் வளரும் குடுவையை இன்கியுபேற்றரிலிருந்து எடுத்து மேசையில் வைத்துவிட்டு வேறு வேலை பாருங்கள். செம்மஞ்சளாக இருந்தது கொஞ்ச நேரத்தில் இளஞ்சிவப்பாகும், விட்டால் ஊதாப் பக்கம் போகும். யாரும் காரம் ஊற்றவில்லை. 5 வீதக் காபனீரொட்சைட்டில் இருந்தது சாதாரணக் காற்றுக்கு வந்தது, அவ்வளவுதான்.

பெப்ரவரி 14

சேர் சொன்னபடி 7.07 என்று மாற்றியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். இதைக் கொஞ்சம் நிதானமாக எழுத வேண்டும்.

கணினிக்குத் தாங்கி தெரியாது, புரோப் சொல்வது மட்டும்தான் தெரியும். 7.07 என்று நாங்கள் எழுதிக் கொடுத்தால், "ஐயோ கூடிவிட்டது" என்று காபனீரொட்சைட்டைத் திறந்துவிடும். திரையில் மறுபடி 6.95 வரும்வரை விடாது. திரையில் 6.95 வரும்போது, பழைய புரோப் கணக்கில் உள்ளே 6.83. கலங்கள் மெதுவாகும், குளுக்கோஸ் எடுப்பது குறையும். திரையிலோ கோடு நேராக இருக்கும்.

மறுபக்கம் தவறினால் இன்னும் மோசம். உள்ளே சரியாக இருக்கும்போது புரோப் குறைத்துச் சொன்னால் காரப் பம்பு ஓடும். பிஎச் கூடினால் கலங்கள் குளுக்கோஸை வேகமாக எரித்து லக்டேட்டை, அதாவது லக்டிக் அமிலத்தை, கூடுதலாக வெளியே விடும். லக்டேட் கூடினால் பிஎச் இறங்கப் பார்க்கும், பம்பு இன்னும் காரம் ஊற்றும். காரத்தோடு சோடியமும் சேர்வதால் பிரசாரணச் செறிவு (கரைந்திருப்பவற்றின் மொத்தச் செறிவு) ஏறும். 300 மில்லிஒஸ்மோல் அளவில் தொடங்கியது 400 தாண்டினால் வளர்ச்சி தளரத் தொடங்கும். ஊற்றுவது பைகாபனேற்று என்றால் காபனீரொட்சைட்டும் சேர்ந்து ஏறும். ஒரு புரோப்பின் சின்னப் பொய், நாலு நாளில் தாங்கி முழுவதும் பரவிவிடும்.

இதனால்தான் 6.95 ஐச் சுற்றி மேலே 0.05, கீழே 0.05 என்று ஒரு சும்மா இருக்கும் எல்லை வைக்கிறார்கள். அதற்குள் காபனீரொட்சைட்டும் வேண்டாம், காரமும் வேண்டாம். எல்லையை மிகவும் குறுக்கினால் இரண்டும் மாறி மாறி ஊற்றிக்கொண்டு ஒன்றோடொன்று சண்டை பிடிக்கும். நேரான கோடு வேண்டுமென்று எல்லையைக் குறுக்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடே இல்லை.

பெப்ரவரி 17

"கோடு நேராகத்தானே போகிறது" என்று சொன்ன அந்த அண்ணாவுக்கு இதை எழுதுகிறேன். அவர் கோபிக்கக்கூடாது. அவர் சொன்னதில்தான் எனக்கு முழு ஈடுபாடும்.

கொழும்பு வெள்ளவத்தையில் மாடி வீடுகளில் இருப்பவர்களுக்கு இது தெரியும். குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும், எந்த நாளும் வரும். கீழே மோட்டர் முன்பைவிட இரண்டு மடங்கு நேரம் ஓடுவது யாருக்கும் தெரியாது. கரண்ட் பில் வந்த பிறகுதான் எங்கோ குழாய் கசிகிறது என்று தெரியவரும்.

கட்டுப்பாட்டில் இருக்கிற எந்த இலக்கமும் அப்படித்தான். ஒட்சிசன் 40 வீதத்தில் (காற்றால் முழுதாக நிறைந்தால் 100) நிற்கிறது என்றால் கணினி தன் வேலையைச் செய்கிறது என்று மட்டும்தான் அர்த்தம். கலங்கள் எப்படி இருக்கின்றன என்று தெரிய வேண்டுமென்றால், அதை 40 இல் நிறுத்த எவ்வளவு ஒட்சிசன் போகிறது என்று பாருங்கள். கலங்கள் பெருகினால் அந்த ஓட்டம் நாளுக்கு நாள் ஏற வேண்டும். பிஎச் கோட்டைப் பார்க்காமல், இதுவரை ஊற்றிய காரத்தின் மொத்தத்தைப் பாருங்கள். காபனீரொட்சைட்டு வால்வு எத்தனை வீதம் திறந்திருக்கிறது என்று பாருங்கள்.

சிங்கப்பூரில் துவாஸில் ஓர் ஆலையில் இரவு ஷிப்ற் வேலை செய்த காலத்தில் இதைக் கண்ணால் கண்டேன். பெரிய தாங்கி. பிஎச், வெப்பநிலை, ஒட்சிசன் மூன்றும் பச்சை. எந்த எச்சரிக்கையும் அடிக்கவில்லை. ஆனால் ஒட்சிசன் ஓட்டம் மட்டும் மாலையிலிருந்து மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. எங்களோடு வேலை செய்த ஒரு மூத்த மலாய்க்காரர் அதைப் பார்த்துவிட்டு, உடனே குளுக்கோஸ் பார்க்கச் சொன்னார். குளுக்கோஸ் அடிமட்டத்தில். உணவுக் குழாயில் ஒரு கிளாம்ப் திறக்கப்படாமல் இருந்திருக்கிறது. பம்பு சுற்றியது, கணினி "உணவு போகிறது" என்றது, ஒரு துளியும் போகவில்லை. அந்தத் தாங்கி பிழைத்தது. அன்றைக்குப் பிறகு ஷிப்ற் தொடங்கும்போது நான் முதலில் பார்ப்பது வால்வுகளைத்தான்.

பெப்ரவரி 18

கேட்டவர்களுக்குச் சுருக்கமாக: ஆம், பென்சிலால் கோடு போட்டாலும் போதும். நாளுக்கு ஒரு புள்ளி. உயிருள்ள கலங்களின் எண்ணிக்கை, ஒட்சிசன் ஓட்டம், மொத்தக் காரம், புரோப்புக்கும் வெளி மெஷினுக்கும் உள்ள இடைவெளி. நாலையும் ஒரே தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக.

அந்த நாலாவது கோடு முக்கியம். புரோப் நகர்ந்தால் இடைவெளி ஒரே திசையில் மெதுவாக வளரும். சூட்டில் கிருமி நீக்கி, புரதம் நிறைந்த நீரில் இரண்டு கிழமை நின்றால் கண்ணாடியும் இணைப்புத் துவாரமும் களைத்துப்போகும். மாதிரி எடுப்பதில் பிழை என்றால் இடைவெளி மேலும் கீழும் துள்ளும், யார் எடுத்தார் என்பதைப் பொறுத்து மாறும்.

பெப்ரவரி 23, நவம் போயா

விடுமுறை என்பதால் நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள். அதில் ஒன்று: "கரண்ட் போனால் முதலில் சூடுதான் போகும், ஆகவே யூபிஎஸ்ஸை ஹீற்றருக்குக் கொடுக்க வேண்டும்." இதைத் திருத்தாமல் விட முடியாது.

இலங்கையில் 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் நிறுத்தினார்கள். 2023 டிசெம்பர் 9 ஆம் திகதி நாடு முழுவதும் ஒரேயடியாகப் போனது. கொழும்பில் கலம் வளர்க்கிற எவரும் இதை யோசிக்காமல் இருக்க முடியாது.

கணக்கைப் பாருங்கள். ஒரு மில்லிலீற்றரில் ஒரு கோடி கலங்கள் என்றால் ஒரு லீற்றரில் ஆயிரம் கோடி. அவை சேர்ந்து மணிக்கு ஏறக்குறைய 2 மில்லிமோல் ஒட்சிசன் எடுக்கும். 37 பாகையில் காற்றால் முழுதாக நிறைந்த ஊடகத்திலேயே 0.2 மில்லிமோல்தான் கரைந்திருக்கும். 40 வீதத்தில் வைத்திருந்தால் கையிருப்பு 0.08. அது இரண்டரை நிமிடத்துக்குக் காணும்.

வெப்பநிலை? கொழும்பில் ஏசி நின்ற அறை 30 பாகை. தாங்கிக்கும் அறைக்கும் 7 பாகைதான் வித்தியாசம். அது ஆற நேரம் எடுக்கும், 2,000 லீற்றர் தாங்கி என்றால் மணிக்கணக்காகும். அதோடு இந்தக் கலங்கள் குளிர்வதைத் தாங்கும். உற்பத்திக் கட்டத்தில் நாங்களே வேண்டுமென்று 32, 33 பாகைக்கு இறக்குகிறோமே.

ஆகவே யூபிஎஸ் முதலில் கலக்கி மோட்டருக்கும் காற்றுக்கும். நல்ல காலம், சின்னத் தாங்கியில் மோட்டர் மிகக் கொஞ்சக் கரண்ட்தான் எடுக்கும். ஹீற்றர்தான் யூபிஎஸ்ஸை உறிஞ்சித் தீர்க்கும். ஒட்சிசன் சிலிண்டருக்குக் கையால் திறக்கும் ஒரு சிறு வால்வையும் பக்கத்தில் பொருத்திவிடுங்கள்.

பெப்ரவரி 24

நேற்றையதோடு சேர்க்க வேண்டியது. கரண்ட் திரும்பி வரும்போதும் ஆபத்து இருக்கிறது. கணினி மட்டும் யூபிஎஸ்ஸில் விழித்திருந்து, காற்று நின்றிருந்தால், "ஒட்சிசன் இல்லை, இன்னும் திற, இன்னும் திற" என்று தனக்குள் கணக்கைச் சேர்த்துக்கொண்டே இருந்திருக்கும். காற்று வந்த கணத்தில் அந்தச் சேர்த்துவைத்த முழுவதையும் கொட்டும். 40 இல் நிற்க வேண்டியது 100 ஐத் தாண்டும். கட்டுப்பாட்டைக் கைமுறைக்கு மாற்றி, மெல்ல ஏற்றி, பிறகு கணினியிடம் கொடுங்கள்.

குடுவையில் வளர்க்கிறவர்கள் இவ்வளவு பயப்படத் தேவையில்லை. அங்கே கலங்கள் குறைவு, ஒட்சிசன் தேவையும் குறைவு. இன்கியுபேற்றர் கதவை மட்டும் திறக்காதீர்கள்.

பெப்ரவரி 28

இன்று ராமன் விளைவு கண்ட நாள், 1928 இல். சி. வி. ராமன் பார்த்த அதே ஒளிச்சிதறலை வைத்து இன்று பெரிய ஆலைகளில் தாங்கிக்குள் ஒரு கம்பியைச் செருகி, மாதிரியே எடுக்காமல் குளுக்கோஸும் லக்டேட்டும் பார்க்கிறார்கள். அமெரிக்க மருந்து நிர்வாகம் 2004 செப்டெம்பரில் வெளியிட்ட வழிகாட்டல்தான் இப்படி ஓடும்போதே அளக்கும் முறைகளுக்கு ஊக்கம் கொடுத்தது. திருச்சிக்காரர் ஒருவரின் கண்டுபிடிப்பு புற்றுநோய் மருந்துத் தாங்கிக்குள் நிற்பதை நினைக்க எனக்கு மெத்தப் பெருமை.

ஆனால் அதுவும் புரோப்தான். வெளியே அளந்த இலக்கங்களைக் காட்டித்தான் அதற்குப் பழக்குகிறோம். அந்த வெளி மாதிரியைச் சரியாக எடுக்காவிட்டால் அதுவும் பிழையாகவே பழகும்.

மார்ச் 2

"எல்லா இலக்கமும் சரியாக இருந்தும் தாங்கி கெட்டுப்போகுமா?" போகும். 2009 ஜூனில் நடந்தது இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரிந்த கதை. அமெரிக்காவில் பொஸ்ரனில் ஓல்ஸ்ரன் பகுதியில் இருந்த ஜென்சைம் ஆலையின் ஒரு தாங்கியில் வெசிவைரஸ் 2117 என்ற வைரஸ் புகுந்துவிட்டது. மனிதருக்கு நோய் தருவதாக அறியப்படாத வைரஸ். ஆனால் சோ கலங்களைக் கெடுக்கும். ஆலையை நிறுத்திச் சுத்தம் செய்ய வேண்டி வந்தது. பரம்பரையாக வரும் அரிய நோய்களான கோஷே நோய்க்கும் பாப்ரி நோய்க்கும் அங்கே இருந்துதான் மருந்து போனது. மருந்து தட்டுப்பாடாகி, நோயாளிகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும் நிலை வந்தது.

வழக்கமான பரிசோதனைகளில் அந்த வைரஸ் சிக்கவில்லை. முதலில் தெரிந்தது கலங்கள் சரியாக வளரவில்லை என்பதுதான். பிஎச்சையும் ஒட்சிசனையும் எந்த வைரஸ் வந்தாலும் கணினி பிடித்து வைத்திருக்கும். கலங்கள் தளர்ந்தால் ஒட்சிசன் தேவை குறையும், அது வால்வில் தெரியும். 17 ஆம் திகதி எழுதியதைத் திரும்ப வாசியுங்கள், நான் அங்கே இவ்வளவு அழுத்தமாகச் சொல்லவில்லை.

மார்ச் 8, சிவராத்திரி

எப்படியும் விழித்திருக்கிறேன். ஆகவே இதை எழுதிவிடுகிறேன்.

"0.1 வித்தியாசத்துக்கு ஏன் இவ்வளவு பாடு? கலங்கள் சாகவில்லையே, புரதம் வருகிறதே" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். எங்கள் சித்திக்கு மார்புப் புற்றுநோய். 21 நாளுக்கு ஒருமுறை டிரஸ்டுசுமாப் ஏற்றுகிறார்கள், உடல் நிறையில் ஒரு கிலோவுக்கு 6 மில்லிகிராம். நான் பக்கத்தில் உட்கார்ந்து அந்தத் துளிகளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அது 1998 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து, சோ கலங்கள் செய்வது. 1957 இல் தியோடர் பக் ஒரு சீன ஹம்ஸ்டரின் சூலகத்திலிருந்து பிரித்தெடுத்த கலங்களின் வழிவந்தவை.

அந்தப் புரதத்தின் தண்டுப் பகுதியில் ஒரு சர்க்கரைச் சங்கிலி இருக்கிறது. அதில் பியூக்கோஸ் என்ற ஒரு சர்க்கரை இல்லாத மூலக்கூறுகள், நோயெதிர்ப்புக் கலங்களை இன்னும் இறுக்கமாகப் பிடித்துப் புற்றுக்கலத்தின் மேல் ஏவும். எவ்வளவு மூலக்கூறுகளில் அது இருக்கும், எவ்வளவில் இருக்காது என்பது தாங்கியின் நிலைமையைப் பொறுத்தும் மாறும்: பிஎச், வெப்பநிலை, ஊடகத்தில் மங்கனீசு, வளர்த்த நாட்கள். குளுட்டமின் உடைந்து வரும் அமோனியா கூடினாலும் சில சர்க்கரைகள் குறைபட்டுப்போகும். 2017 இல் வெளியான ஓர் ஆய்வு, முதலில் அனுமதி பெற்ற நிறுவனத்தின், சந்தையில் இருந்த டிரஸ்டுசுமாப் தொகுதிகளை ஆண்டுக்கணக்கில் சேர்த்து ஒப்பிட்டது. சில தொகுதிகளில் இந்தச் சர்க்கரை அமைப்பும், அதோடு புற்றுக்கலத்தைக் கொல்லும் திறனும் நகர்ந்திருந்தன.

புட்டியின் மேல் ஒரே பெயர், ஒரே மில்லிகிராம். உள்ளே இருக்கும் மூலக்கூறு எப்படி வேலை செய்யும் என்பது, எங்கேயோ ஒரு தாங்கிக்கு முன்னால் நின்றவர் தன் இலக்கங்களை எவ்வளவு அக்கறையோடு சரிபார்த்தார் என்பதிலும் இருக்கிறது. சித்திக்கு இது ஒன்றும் தெரியாது, தெரியவும் தேவையில்லை. தாங்கிக்கு முன்னால் நிற்கிறவருக்குத் தெரிய வேண்டும்.

மார்ச் 16

முதலில் கேள்வி கேட்ட தங்கச்சி புதுச் சுற்று தொடங்கி, தாளையும் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். வடிவாக வந்திருக்கிறது. ஒட்சிசன் ஓட்டம் கலங்களின் எண்ணிக்கையோடு கூடவே ஏறுகிறது, காரம் ஏறக்குறைய இல்லை. ஐந்தாம் நாள் 33 பாகைக்கு இறக்கியிருக்கிறார். அதுவரை வெளி மெஷின் புரோப்பைவிட 0.02 கூடக் காட்டியது, அடுத்த நாளிலிருந்து 0.01 குறைவாகக் காட்டுகிறது. "திசையே மாறிவிட்டது அக்கா, புரோப் போய்விட்டதா?" என்று பதறுகிறார்.

புரோப் நன்றாக இருக்கிறது. 33 பாகையில் ஒரு சாய்வு, 37 இல் ஒரு சாய்வு என்று புரோப்பின் மில்லிவோல்ற்றுக் கணக்கு கொஞ்சம் மாறும்தான், ஒரு பிஎச் அலகுக்கு 60.7 இலிருந்து 61.5 மில்லிவோல்ற் வரை. ஆனால் பிஎச் 7 க்குப் பக்கத்தில் அதனால் வரும் வித்தியாசம் கணக்கில் எடுக்கத் தேவையில்லாத அளவு. காரணம் வெளி மெஷினில் இருக்கிறது. அது மனித இரத்தத்துக்காகச் செய்தது. என்ன கொடுத்தாலும் 37 பாகைக்குச் சூடாக்கித்தான் அளக்கும். 33 இல் இருந்ததை 37 க்கு ஏற்றினால் பிஎச் சற்று இறங்கும்.

மெஷினில் நோயாளியின் உடல் வெப்பநிலை கேட்கும் இடம் ஒன்று இருக்கும். அதில் 33 போட்டால் திருத்திச் சொல்லும். ஆனால் அது இரத்தத்துக்கான திருத்தம், ஒரு பாகைக்கு ஏறக்குறைய 0.015. உங்கள் ஊடகத்துக்கு அதே அளவு பொருந்தாது. ஆகவே அங்கே எதுவும் போட வேண்டாம். 37 இல் வந்த இலக்கத்தையே எழுதி, பக்கத்தில் "33 பாகைத் தாங்கி" என்று குறியுங்கள். 33 க்கு இறக்கிய பின் வரும் முதல் மூன்று இடைவெளிகளின் சராசரியைப் புதுத் தொடக்கமாக வையுங்கள். அங்கிருந்து 0.05 நகர்ந்து, இரண்டு ஊசிக்குழாயும் ஒரே விடை சொல்லி, காரமோ காபனீரொட்சைட்டோ வழக்கத்தைவிட மாறிப் போனால் மட்டும் புரோப்பைத் திருத்துங்கள். திருத்தும்போது சேரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பழைய இலக்கம், புது இலக்கம், நேரம் மூன்றையும் பேனாவால் எழுதி, அவரிடமும் ஒரு கையெழுத்து வாங்குங்கள். ஒன்பதாம் நாள் தாளை அனுப்புங்கள், பார்க்கிறேன்.